ஒரு தாய் வயிற்றுத் தேனீக்கள்

"ஆமா, எனக்குப் பொறாமைதான்" என்றாள் ஃபுல்வியா. "வேணும்னா எழுதிக்கோங்க."

நெரெய்தாவுக்கு எதையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. நெடுங்காலம் போலீஸில் இருந்துவிட்டு வெளியே வந்து, பனாமா நாட்டின் சாந்தியாகோ ஊரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். பல் பிடுங்கும்போது கீழேயிருந்து வரும் அலறலைக் கேட்டே பாதிப் பேர் தன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள் என்பாள். அவளுடைய உதவியாளன் அப்தியேல் பழைய டாக்ஸி டிரைவர். டாக்ஸியை விற்றுவிட்டான். பேச்சை மட்டும் விடவில்லை.

"பாஸ், சாப்பாட்டுக்கு முன்னாடியே கேஸ் முடிஞ்சது இதுதான் முதல் தடவை" என்றான் அவன்.

"பொறாமைன்னுதான் சொன்னேன். திருடினேன்னு சொல்லல" என்று ஃபுல்வியா அவனை முறைத்தாள்.

வெளியே மழை. சாந்தா கத்தலீனா கடற்கரையை ஒட்டிய அந்தத் தேனீ ஆய்வு நிலையத்தின் ஜன்னலில் கடலும் தெரியவில்லை, கடலுக்கு அப்பால் இருக்கும் கொய்பா தீவும் தெரியவில்லை. வழக்கே அந்தத் தீவைப் பற்றியதுதான்.

ஃபுல்வியாவோடு அதே நிலையத்தில் வேலை பார்க்கும் டாக்டர் மரிட்சா, கொய்பாவின் கொசுத்தேனீக்கள் தனி வம்சம் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தாள். பார்வைக்குக் கரைத் தேனீ மாதிரியேதான் இருக்கும். மரபணுவைப் பிரித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் கடைசியாக அவள் தீவிலிருந்து கொண்டுவந்த தேனீக்களைத் தலைநகரில் சரிபார்த்தபோது, அத்தனையும் சாதாரணக் கரைத் தேனீக்கள் என்று முடிவு வந்தது. தீவுக்கே போகாமல் கரையில் பிடித்துவிட்டுத் தீவின் பெயரை ஒட்டிவிட்டாள் என்று புகார் எழுந்தது. திங்கட்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். அதுவரை அவள் எழுதிய எல்லாமே குப்பைக்குப் போகும்.

நெரெய்தாவைத் தேடி வந்து அழுதவன் மரிட்சாவின் கணவன் லிசாந்த்ரோ. கடற்கரையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். "என் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா மேடம். நிலையத்துல தேனீ வைக்கற உறைபெட்டிச் சாவி அந்த ஃபுல்வியா கையிலதான் இருக்கு. அவதான் தேனீயை மாத்தியிருக்கணும்" என்றான். அழுகை நிஜமானது. நெரெய்தாவுக்கு அழுகையில் கள்ளத்தைக் கண்டுபிடிக்கத் தெரியும்.

"மரிட்சா மேல அப்படி என்ன பொறாமை?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். கரையில இருக்கற கூடெல்லாம் நான் அலைஞ்சு அலைஞ்சு பார்த்தேன். அவ ஒரு படகு ஏறிப் போய் இறங்கினா. அவளுக்காகவே காத்துக்கிட்டிருந்த மாதிரி ஒரு புது வம்சம் கிடைச்சுது. மாநாட்டுல எல்லாரும் அவளைச் சுத்தி நிப்பாங்க. நான் காபிக்கு வரிசையில நிப்பேன். இருக்காதா பின்னே?"

"அப்ப அவ பேரு கெட்டா உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"இல்ல. அதுதான் எனக்கே எரிச்சலா இருக்கு. அவ கண்டுபிடிச்சது நிஜம்னு நம்பித்தானே இத்தனை வருஷம் வயிறெரிஞ்சேன். பொய்யா இருந்தா எரிஞ்சதெல்லாம் வீண்தானே."

இவ்வளவு அழுக்கான உண்மையைச் சொல்கிறவள், அதைவிடச் சின்னப் பொய்யைச் சொல்ல மெனக்கெட மாட்டாள் என்று நெரெய்தாவுக்குத் தோன்றியது.

"எனக்கு ஒரு சந்தேகம். தேனீக்குத்தான் றெக்கை இருக்கே. தீவுக்கும் கரைக்கும் பறந்து போய் வர வேண்டியதுதானே?"

"கொசுத்தேனீ அப்படிப் போகாது. புதுக்கூடு கட்டணும்னா தாய்க்கூட்டிலேர்ந்துதான் மெழுகு, தேன் எல்லாம் கொண்டுபோகும். புதுக்குடித்தனம் போன பொண்ணு அடிக்கடி அம்மா வீட்டுக்கு வந்து பாத்திரம் பண்டம் தூக்கிட்டுப் போற மாதிரி. கூப்பிடு தூரத்துல இருந்தாத்தான் முடியும். கடலைத் தாண்டி எப்படித் தூக்கிட்டுப் போகும்?"

"என் கொழுந்தியா தாண்டுவா" என்றான் அப்தியேல்.

நெரெய்தா அவன் பக்கம் திரும்பவில்லை. "மரிட்சா கொண்டுவந்த குப்பிகள்ல என்ன இருந்திருக்கணும்?"

"குப்பிக்கு ஒரு கூடு. தீவுல வேற வேற இடத்துல இருக்கற கூடுங்களிலேர்ந்து பிடிச்ச தேனீ. சாராயத்துல ஊறிக்கிட்டிருக்கும்."

"கொடுத்து வெச்ச ஜென்மங்க" என்றான் அப்தியேல்.

"தலைநகர்ல என்ன பார்த்தாங்க?"

"தீவா, கரையான்னு பார்த்தாங்க. கரைன்னு வந்துது."

"சரி, கரை. கரையில வேற வேற கூட்டிலேர்ந்து பிடிச்சதா?"

ஃபுல்வியா நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"அதை யாரும் கேக்கல" என்றாள்.

"நான் கேக்கறேன்."

ஃபுல்வியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். தலைநகரிலிருந்து வந்திருந்த மரபணு எண்கள் திரையில் ஓடின. அப்தியேல் இரண்டு முறை கொட்டாவி விட்டான். மூன்றாவது பாதியில் நின்றது. ஃபுல்வியாவின் முதுகு விறைத்துப்போனதை அவனும் பார்த்துவிட்டான்.

"எல்லாம் ஒரே கூடு" என்றாள் அவள். "எந்தக் குப்பியை எடுத்தாலும் அக்கா தங்கச்சிங்கதான். ஒரு தாய் வயித்துல பிறந்ததுங்க."

"மரிட்சாவைக் கவுக்கணும்னு நீங்க நினைச்சிருந்தா இப்படிச் செய்வீங்களா?"

"எனக்கு இந்த ஊர்ல எத்தனையோ கூடு தெரியும். குப்பிக்கு ஒண்ணா எடுத்திருப்பேன். ஒரே கூட்டிலேர்ந்து எடுத்தா மாட்டிக்குவோம்னு முதல் வருஷம் படிக்கறவளுக்குக்கூடத் தெரியும்."

"மரிட்சாவே செஞ்சிருந்தா?"

"அவளா? தூக்கத்துலகூட இந்தத் தப்பு பண்ண மாட்டா." பல்லைக் கடித்துக்கொண்டுதான் அந்தப் பாராட்டைச் சொன்னாள்.

காருக்குள் வந்ததும் அப்தியேல் கண்ணாடியைத் துடைத்தான். "ஆக, மாத்தின ஆளுக்குத் தேனீயைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"தீவுத் தேனீ வேற, கரைத் தேனீ வேறன்னு மட்டும் தெரியும். அதுக்கு மேல தெரியாது."

"அப்ப படகோட்டி தீதிமோதான் பாஸ். பெட்ரோல் பங்க்ல விசாரிச்சேன். மாசம் ஒரு தடவை டாக்டரம்மாவும் அவனும் தீவுக்குப் போய்த் தங்கிட்டு வர்றாங்களாம். ஊரே அதைத்தான் பேசுது. அவன் ஆசைப்பட்டிருப்பான், அவங்க முடியாதுன்னிருப்பாங்க, இவன் பழி வாங்கிட்டான்."

"பெட்ரோல் பங்க்ல பெட்ரோல் போட்டியா?"

"அதை மறந்துட்டேன்."

தீதிமோ மணலில் ஏற்றி வைத்த படகின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டிய, வெயிலில் கறுத்த ஆள். நெரெய்தா சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"டாக்டர் மரிட்சாவையும் உங்களையும் பத்தி ஊர்ல என்ன பேசறாங்கன்னு தெரியுமா?"

"ஊர் என்ன மேடம், என் வீட்டுக்காரியே பேசுவா. தீவுலேர்ந்து வந்தா முதல்ல சட்டையை மோந்து பார்ப்பா. பெட்ரோல் வாடைதான் வரும். அதுக்கும் சண்டை. 'வாடையை மறைக்கத்தானே மேல பெட்ரோலை ஊத்திக்கிட்டே'ங்கறா."

"உங்க வீட்டம்மாவுக்கு எங்க ஆபீஸ்ல வேலை போட்டுக் கொடுக்கலாம் போலிருக்கே" என்றான் அப்தியேல்.

"நிஜமா ஒண்ணும் இல்லையா?" என்றாள் நெரெய்தா.

"அவங்க என்னைப் பார்த்தாத்தானே மேடம்? அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கிட்டே நடப்பாங்க. ஒரு தடவை நேரா முதலைகிட்டப் போயிட்டாங்க. கையைப் பிடிச்சு இழுத்தேன். 'விடு தீதிமோ, அங்க ஒரு கூடு இருக்கு'ன்னு என்னைத்தான் திட்டினாங்க. கரையில அவங்க சிரிச்சு நான் பார்த்ததில்ல. தீவு கண்ணுல பட்டதும் தானாச் சிரிப்பாங்க. யாரைப் பார்த்தும் இல்ல. சும்மா."

"கடைசியா குப்பிகளைக் கொண்டுவந்தீங்களே. படகிலேர்ந்து நேரா நிலையத்துக்குத்தான் போச்சா?"

தீதிமோ யோசித்தான். "இல்ல மேடம். அன்னிக்குப் பேய் மழை. ஓடை பொங்கி ரோட்டு மேல போச்சு. நிலையத்துப் பக்கம் வண்டியே போகல. லிசாந்த்ரோ கரைக்கு வந்து நின்னாரு. ஃபிரிட்ஜ்ல வைக்கறேன்னு பெட்டியை அவரே தோள்ல தூக்கிட்டு வீட்டுக்குப் போனாரு. மறுநாள் தண்ணி வடிஞ்சப்புறம்தான் நிலையத்துல கொடுத்தாங்க."

காருக்குத் திரும்பி நடக்கும்போது அப்தியேலின் முகத்தில் கேலி இல்லை. "பாஸ், நம்ம ஆளு லிசாந்த்ரோ இதைச் சொல்லவே இல்லையே."

"மரிட்சாவும் சொல்லல. அவளுக்கு வீட்டு ஃபிரிட்ஜ் தன் கைப்பை மாதிரி. அதுல வெச்சதை வெளியில வெச்சதா அவ நினைக்கவே மாட்டா. அவன் ஏன் சொல்லலன்னுதான் பார்க்கணும்."

லிசாந்த்ரோவின் கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. வீடு கடைக்குப் பின்கட்டில். அவன் பொரித்த மீனும், தட்டிப் பொரித்த வாழைக்காயும், துவரம்பயறு போட்ட சோறும் கொண்டுவந்து வைத்தான். அகன்ற தோள், மென்மையான குரல்.

"ஃபுல்வியா ஒத்துக்கிட்டாளா மேடம்?"

"பொறாமை உண்டுன்னு ஒத்துக்கிட்டா."

"பார்த்தீங்களா. பொறாமை பிடிச்சவங்க எதையும் செய்வாங்க."

அப்தியேலின் போன் அடித்தது. அவன் மனைவி. எங்கே இருக்கிறான், எதிரில் யார், அந்தப் பொம்பளைக்கு என்ன வயது என்று வரிசையாகக் கேட்டாள். அப்தியேல் போனைச் சுழற்றி நான்கு சுவரையும் காட்டினான். காட்டிக்கொண்டே வந்தவன் ஒரு மூலையில் கையை நிறுத்தினான்.

அங்கே சுவரில் பழைய மர ஒலிபெருக்கி ஒன்று தொங்கியது. அதன் கீழ் ஓரத்தில் விரல் கனத்துக்கு ஒரு மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழாய் வாயில் பொன்னிறப் பூச்சிகள் கொசு அளவில் வந்து போய்க்கொண்டிருந்தன.

"அதுவா? கொசுத்தேனீ. குட்டித் தேவதைங்கன்னு சொல்லுவோம்" என்றான் லிசாந்த்ரோ. "பல வருஷமா இருக்கு. பாட்டுப் போட்டா அதுங்களுக்குப் பிடிக்கல. பாட்டை நிறுத்திட்டேன்."

"டாக்டர் மரிட்சா இதை ஆராய்ச்சி பண்ணலையா?" என்றாள் நெரெய்தா.

"வீட்டுல இருக்கறதை அவ எதுக்குப் பார்க்கப் போறா?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது போலிருந்தது. மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது.

நெரெய்தா எழுந்துபோய் ஒலிபெருக்கியை அருகில் பார்த்தாள். கடல்காற்றில் அந்தக் கடையில் உள்ள இரும்பெல்லாம் துருப்பிடித்திருந்தது. கீல், ஆணி, விசிறிக் கம்பி எதுவும் தப்பவில்லை. ஒலிபெருக்கியின் முன்பலகையைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலை மட்டும் பளபளவென்று கீறியிருந்தது. பாட்டே போடாத ஒலிபெருக்கியைச் சமீபத்தில் யாரோ திறந்திருக்கிறார்கள்.

"அண்ணே, ஒரு கிளாஸ் சாராயம்" என்றான் அப்தியேல். பாஸின் கண்ஜாடை அவனுக்குப் பழக்கம். லிசாந்த்ரோ கிளாஸை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனதும், மெழுகுக் குழாய்க்குக் கீழே கிளாஸைப் பிடித்து நாலைந்து பூச்சிகளைத் தட்டி விழச் செய்தான்.

"பாஸ், வாங்கின சாராயத்தைக் குடிக்காம எடுத்துட்டுப் போறது எங்க வம்சத்துலயே நான்தான் முதல்" என்று முணுமுணுத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையை அடைத்த பிறகு, கிளாஸில் விழுந்த பூச்சிகளின் மரபணுவைப் பார்த்து முடித்திருந்த ஃபுல்வியா அங்கே வந்தாள். மரிட்சாவையும் நெரெய்தா வரச் சொல்லியிருந்தாள். மெலிந்த பெண். பல நாளாகத் தூங்காத கண். ஃபுல்வியாவைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவ எதுக்கு இங்க வந்தா?" என்றான் லிசாந்த்ரோ.

"சொல்லத்தான் வந்திருக்காங்க" என்றாள் நெரெய்தா. "சொல்லுங்க ஃபுல்வியா."

ஃபுல்வியா மரிட்சாவைப் பார்த்துச் சொன்னாள். "உன் குப்பியில இருந்த தேனீக்கும், அந்த ஒலிபெருக்கியில இருக்கற தேனீக்கும் ஒரே தாய்."

மரிட்சா மெல்லத் திரும்பி ஒலிபெருக்கியைப் பார்த்தாள். அது அங்கே இருப்பதையே அன்றுதான் கவனித்தவள் போல வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கணவனைப் பார்த்தாள்.

"மழை நாளன்னிக்குப் பெட்டி உங்க வீட்டு ஃபிரிட்ஜில இருந்துது" என்றாள் நெரெய்தா. "அன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுக்காரர் ஒலிபெருக்கியைத் திறந்து தேனீயை எடுத்திருக்கார். தீவுத் தேனீயைக் கொட்டிட்டு இதைப் போட்டிருக்கார். குப்பிக்கு ஒரு கூடு வேணும்கறது அவருக்குத் தெரியல. காரணமும் சொல்லட்டுமா? மாசாமாசம் தீதிமோவோட நீங்க—"

லிசாந்த்ரோ சிரித்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை. நெரெய்தாவே பாதியில் நிறுத்திவிட்டாள்.

"தீதிமோவா? அவன் இங்கதான் மேடம் தினம் சாப்பிடறான். அவங்க தீவுல எங்க நடந்தாங்க, என்ன சாப்பிட்டாங்க, எல்லாத்தையும் எங்கிட்ட ஒப்பிச்சிடுவான். அவன் மேல எனக்கு என்ன பொறாமை? ஆளா இருந்தா அடிச்சிருப்பேன். இல்ல, அவகிட்டக் கேட்டாவது இருப்பேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்தத் தீவு மேலதான் எனக்குப் பொறாமை. அங்கேர்ந்து வந்தா மூணு நாளைக்கு அதே பேச்சு. நாலாவது நாள் பேச்சு நின்னுடும். அப்புறம் அடுத்த படகு வரைக்கும் இந்த ஜன்னல்ல உட்கார்ந்துப்பா. நான் மீன் வைப்பேன், சாப்பிடுவா. நல்லாருக்கும்பா. என்ன மீனுன்னு கேட்டா தெரியாது. தீவுத் தேனீயும் சாதாரணத் தேனீதான்னு ஆயிட்டா அங்க போக வேண்டியதில்ல, என்னோட இருப்பான்னு நினைச்சேன். பொய்க்காரின்னு சொல்லுவாங்கன்னு சத்தியமா எனக்குத் தோணவே இல்ல."

"சொன்னப்புறம்?" என்றாள் மரிட்சா. குரல் உயரவில்லை. "சொன்னப்புறம் வாயைத் திறந்திருக்கலாமே. ஃபுல்வியா தலையில போட்டே."

"நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயம். ஃபுல்வியாவைச் சொன்னா உன் பேரும் தப்பிக்கும், நீயும் இருப்பேன்னு..." முடிக்கவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

ஃபுல்வியா வாசல் பக்கம் பார்த்தபடி நின்றாள். போகவும் மனமில்லை, நிற்கவும் கூச்சம்.

"இத்தனை வருஷத்துல 'நானும் வரேன்'னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே" என்றாள் மரிட்சா.

லிசாந்த்ரோ கையை எடுத்தான். "கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பியா?"

அவள் அந்தக் கேள்வியை நேர்மையாக யோசிக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"மாட்டேன்" என்றாள் கடைசியில்.

அவன் தலையாட்டினான். அடி எங்கே விழும் என்று முன்பே தெரிந்திருந்தவன் போல.

"திங்கட்கிழமை வந்து உள்ளதைச் சொல்லு. எனக்காக ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்ல வேணாம்" என்று சொல்லி மரிட்சா எழுந்தாள். பிறகு ஃபுல்வியாவிடம் திரும்பினாள். "நாளைக்குத் தீவுக்குப் போறேன். புதுசாப் பிடிக்கணும். சாட்சிக்கு ஆள் வேணும். வரியா?"

"என்னையா கூப்பிடறே?"

"என்னை நம்பாத ஆள்தான் சாட்சிக்கு நல்லது."

"நம்பாதவன்னு யார் சொன்னது?" என்றாள் ஃபுல்வியா எரிச்சலாக. ஆனால் கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள்.

திங்கட்கிழமை பனாமா நகரத்தில் விசாரணை அறைக்கு வெளியே நெரெய்தாவும் அப்தியேலும் நின்றார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே லிசாந்த்ரோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தான். மழை, பெட்டி, ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. தன் பொறாமையையும் விடவில்லை. பக்கத்தில் ஃபுல்வியா வைத்த புதுக் குப்பிகள் இருந்தன. மரிட்சா அவனைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரியே அவள் தன் துணிமணிகளை நிலையத்துக்கு மாற்றிவிட்டாள்.

விசாரணைக் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆராய்ச்சியில நாங்க எத்தனையோ பேர் வருஷக்கணக்கா இதைச் சந்தேகப்பட்டோம். தேனீயைப் பத்தி ஒண்ணும் தெரியாத நீங்க, தீவுத் தேனீ வேறன்னு எப்படி நம்பினீங்க?"

லிசாந்த்ரோ மனைவியின் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"அங்கேர்ந்து திரும்பி வர்ற அவ முகத்தைப் பார்த்திருக்கேன் ஐயா" என்றான். "உங்க எல்லாருக்கும் முன்னாடியே எனக்குத் தெரியும்."